அம்மாவால் மனச்சோர்வு மாத்திரையை விட முடியவில்லை, அடிமையாகிவிட்டாரா?

பல்லடம் தறிக்காரன்:
வணக்கமுங்க. அப்பா தவறின பிறகு அம்மாவுக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. கோயம்புத்தூரில் மனநல டாக்டரிடம் காட்டினோம், மாத்திரையில் நன்றாகவே தேறினார். அப்புறம் டாக்டர் பக்கமே போகவில்லை, காலி அட்டையைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுகிறார்கள், வருஷக்கணக்கில் அப்படியே ஓடுகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும்போது மாத்திரையை மறந்துவிட்டார். தாராபுரம் தாண்டியதும் தலைசுற்றல், குமட்டல், கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் சுருக்கென்று கரண்ட் அடிக்கிறதாம். கூட வந்த பெரியம்மா "போதை மாத்திரைக்குப் பழகிட்டா" என்று சொல்லிவிட, வீட்டுக்கு வந்து பழையபடி போட ஆரம்பித்தவர், இப்போது ஒரேயடியாக நிறுத்துகிறேன் என்கிறார். நிறுத்தலாமுங்களா?

கோபி அக்கா (நர்ஸ், ஓய்வு):
நிறுத்த விடாதீங்க தம்பி. முதலில் அட்டையின் பின்பக்கம் பாருங்க, மனச்சோர்வு மருந்தான எஸ்சிடலோபிராம் மட்டும் இருக்கா, கூட பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தருகிற குளோனாசிபமும் இருக்கா? முன்னது போதை இல்லை, இன்னும் வேணும் வேணும் என்று ஏங்க வைக்காது. ஆனால் உடம்பு அதற்குப் பழகியிருக்கும், திடீரென்று விட்டால் ரெண்டு மூணு நாளில் அம்மா சொன்னதெல்லாம் வரும். குளோனாசிபம் உண்மையிலேயே பழக்கமாகிற சாமான். எஸ்சிடலோபிராம் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதுவரைக்கும் துணைக்குத் தருவது, பிறகு எடுத்துவிட வேண்டும். டாக்டரைப் பார்க்காமலே வாங்கினால் யார் எடுப்பது? அதைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம்.

சித்தோடு சின்னு:
ஏனுங்க இவ்வளவு பயமுறுத்தறீங்க? எங்க மாமா ஒரே நாளில் தூக்கி எறிந்தார், ஒன்றும் ஆகலை.

மருந்துக்கடை மாப்ளே:
உங்க மாமா சாப்பிட்டது ஃப்ளூஆக்சிடின் என்கிற வேற மனச்சோர்வு மாத்திரையா இருக்கும். அது உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்கில் ஆகும், அதனால் நிறுத்தினாலும் பெரும்பாலும் தெரியாது. பராக்சிடின், வென்லாஃபாக்சின் மாதிரி மற்ற மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அப்படிச் சும்மா விடாதுங்க. இன்னொன்று, அட்டையைப் பார்த்தே கொடுக்கிற கடைக்காரர் மூட்டு வலிக்கு டிராமடாலும் சேர்த்துக் கொடுத்துவிடுவார், ரெண்டும் சேர்ந்தால் ஆபத்து. வயதானவர்களுக்கு இந்த மனச்சோர்வு மாத்திரையில் ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதையும் ஒருமுறை பார்க்கணும். அப்புறம் பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் சோர்வாக இருக்கான் என்று ரெண்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற புண்ணியவதிகளும் இருக்காங்க, 25 வயதுக்குக் கீழே ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம், டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது.

பல்லடம் தறிக்காரன்:
பார்த்தேனுங்க, எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராமும் குளோனாசிபம் 0.5 மில்லிகிராமும் ஒரே மாத்திரையில் இருக்கு. பாதியாக உடைத்துக் கொடுக்கட்டுமா? பழைய டாக்டர் ஊரை விட்டே போய்விட்டார்.

கோபி அக்கா (நர்ஸ், ஓய்வு):
உடைத்தால் ரெண்டும் சேர்ந்து பாதியாகும், எது குறைந்ததால் என்ன வருது என்றே தெரியாது. டாக்டர் தனித்தனி மாத்திரையாகப் பிரித்து, ஒன்றை முடித்துவிட்டு மற்றதைக் குறைப்பார், மாதக்கணக்கில் ஆகலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அந்த அட்டையோடு கூட்டிட்டுப் போங்க. அதுவரை கேட்க 14416, டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவாங்க. போகிற வரைக்கும் அம்மா இப்போது போடுகிறதை அதே நேரத்துக்குப் போடட்டும், பெரியம்மா போன் பண்ணினால் நீங்களே எடுங்க.