உதவி தேவை: தாத்தாவின் ஸ்லாட் இயந்திரத்தில் மூன்றாவது உருளை நிற்பதில்லை

டோங்காட் பேரன்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் தாத்தா வீட்டுக் கொட்டகையைக் காலி செய்தபோது, சர்க்கரைச் சாக்குகளுக்கு அடியில் ஒரு ஸ்லாட் இயந்திரம் (நாணயம் போட்டு ஆடும் சூதாட்டப் பெட்டி) கிடைத்தது. பக்கவாட்டில் கைப்பிடி, மின்கம்பி கிடையாது. உருளைகளில் செர்ரி, ஆரஞ்சு, பிளம், மணி, கறுப்புப் பட்டை. நாணய வாயில் ஆறு பென்ஸ் என்று பொறித்திருக்கிறது. 1895இல் செய்தது என்று தாத்தா சொல்வார்.

கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகளும் சுழல்கின்றன. முதல் இரண்டும் ‘டக், டக்’ என்று நின்றுவிடுகின்றன. மூன்றாவது வெகுநேரம் சுற்றி, தானாக ஓய்ந்து, இரண்டு படங்களுக்கு நடுவில் தேங்குகிறது. பிறகு கைப்பிடி இறுகிக்கொள்கிறது. அடுத்த மாதம் தாத்தாவின் திதி. அதற்குள் சரிசெய்து சித்தப்பாக்களுக்குக் காட்ட ஆசை. எண்ணெய் தெளிக்கலாமா?

பீனிக்ஸ் வாசகி:
தெளித்துப் பாருங்கள் தம்பி. இறுகிப்போன என் தையல் இயந்திரம் அப்படித்தான் ஓடியது.

மாரிட்ஸ்பர்க் கடிகாரக்காரர்:
வேண்டாம் தம்பி, தயவுசெய்து தெளிக்காதீர்கள். பழைய எண்ணெய் காய்ந்து பிசினானதுதான் பெரும்பாலும் இந்த நோயே. கைப்பிடியை வலுக்கட்டாயமாக இழுக்கவும் கூடாது. பல் உடைந்தால் மாற்றுப் பல் கிடைப்பது அரிது.

உள்ளே பாருங்கள். சிறிய விசிறியுடன் ஒரு பற்சக்கரத் தொகுதி இருக்கும். அதுதான் இயந்திரத்தின் கடிகாரம். ஒவ்வொரு உருளையின் பக்கத்திலும் பள்ளம் வெட்டிய தட்டு உண்டு. கடிகாரம் ஓட ஓட, நிறுத்தும் நெம்புகோல்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக விடுவிக்கும். அவை பள்ளத்தில் விழுந்து உருளையை நிறுத்தும். உங்கள் கடிகாரம் இரண்டாவதை விடுவித்ததும் மூச்சிழந்துவிடுகிறது. சுற்று முடியாததால்தான் கைப்பிடியும் பூட்டிக்கொள்கிறது.

விசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தியபின் கடிகாரத்தை மட்டும் கழற்றுங்கள். கழற்றுமுன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மென்மையான தூரிகையால் பல் பல்லாகத் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு, அச்சு முனைகளில் மட்டும் ஊசிமுனை அளவு கடிகார எண்ணெய் போதும். பற்களில் வேண்டாம். விசிறியை விரலால் தட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியர்:
ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே 1890களில் செய்த லிபர்ட்டி பெல் இயந்திரத்துக்கு 1895 என்று பலர் சொல்வார்கள். தாத்தா கேள்விப்பட்டது அதுவாக இருக்கும். அதில் குதிரை லாடம், சீட்டுக்கட்டுச் சின்னங்கள், மணி ஆகியவை இருந்தன, பழம் கிடையாது. சூதாட்டத் தடையைத் தாண்ட, சூயிங் கம் விற்கும் இயந்திரமாக வேடமிட்டபோதுதான் பழங்கள் வந்தன. கறுப்புப் பட்டையும் ஒரு கம் நிறுவனத்தின் சின்னத்தில் பிறந்ததுதான். ஆகவே உங்களுடையது பிற்காலத்தது. ஆனால் ஆறு பென்ஸ் என்பதால், 1961இல் நம் நாட்டில் பென்ஸுக்குப் பதிலாக ரேண்ட் நாணயம் வருவதற்கு முந்தையது என்று கொள்ளலாம்.

சாக்குக்கு அடியில் போனதற்கும் காரணம் உண்டு. 1965ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் குதிரைப் பந்தயம் நீங்கலாகப் பெரும்பாலான சூதாட்டத்தைத் தடை செய்தது. அதனால்தான் 1979இல் திறந்த சன் சிட்டி கேசினோ விடுதி, அப்போது தனி நாடு என்று அறிவிக்கப்பட்டிருந்த போபுதட்ஸ்வானா எல்லைக்குள் எழுந்தது. 1996இல்தான் நாடெங்கும் கேசினோவுக்கு வழி பிறந்தது. இப்போதும் இயந்திரம் வைத்திருக்க விதிகள் உள்ளன. மாகாணச் சூதாட்ட வாரியத்திடம் முதலில் எழுதிக் கேளுங்கள்.

டோங்காட் பேரன்:
கடிகாரக்கார ஐயா, நீங்கள் சொன்னதேதான். விசிறியின் அச்சில் தேன் போலப் பிசின். ஓர் இரவு போதவில்லை, இரண்டு இரவு ஊறியது. நேற்று மாட்டிக் கைப்பிடியை இழுத்தேன்: டக், டக், டக்.

அம்மா உருளைகளைக் கையால் திருப்பி எண்ணினார். உருளைக்கு 20 படம். மூன்றுக்கும் சேர்த்து 8,000 விதம். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பட்டை ஒன்றுதான் என்பதால், மூன்றும் சேர்ந்து வருவது 8,000இல் ஒன்று. வாரியத்துக்கு இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன். கடிகாரப் பெட்டிக்குள் தாத்தா ஒட்டிவைத்த தாள் ஒன்றும் இருந்தது. “எண்ணெய் விடாதே” என்று அவர் கையெழுத்தில்.