நூலகத்தில் வேலை செய்பவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு நூலகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆறு பேர் பார்த்த வேலையை ஜனவரியிலிருந்து நான்கு பேர் பார்க்கிறோம். எல்லாரும் சோர்ந்துவிட்டார்கள், எம்சி (மருத்துவ விடுப்பு) கூடிவிட்டது, சேர்ந்து சாப்பிடுவதும் நின்றுபோனது. சனிக்கிழமை பிள்ளைகள் தேடி வருவதே கதை சொல்லும் எங்கள் அக்காவுக்காகத்தான், அவரே இப்போது "எதுக்குமா, எப்படியும் மூடிடுவாங்க" என்கிறார். யுனெஸ்கோ நம் ஊரை உலகப் புத்தகத் தலைநகராக்கிய 2020இல், கோவிட்டில் கதவு மூடியிருந்தபோதுகூட இவர்கள் இப்படி இல்லை.

வேலை நேரத்தை மாற்றிப் பார்த்தேன். வாரம் ஒரு தே தாரிக் (தேநீர்) சந்திப்பு வைத்தேன், அப்புறம் வாசகர்கள் எழுதிய நன்றிக் குறிப்புகளை ஓய்வறையில் ஒட்டினேன், இரண்டு வாரம் முகம் மலர்ந்தது, அவ்வளவுதான். ஆள் கேட்டு மேலிடத்துக்கு மூன்று கடிதம், பதில் இல்லை.

ஆளும் பணமும் கூடாமலே, உங்கள் இடத்தில் ஆறு மாதம் தாண்டியும் பலன் தந்த ஒரு மாற்றம் எது?