கடைக்கு எடுத்த காப்பீடு, நாற்காலியில் அமரும் வாடிக்கையாளருக்கும் பொருந்துமா?

கேள்வி: மூன்று நாற்காலிக் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாற்காலிகள் கொண்ட முடிதிருத்தகம் ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒரு நாற்காலியில் நான் வேலை செய்கிறேன்; இரண்டாவதில் சம்பளத்துக்கு ஒருவர் இருக்கிறார்; மூன்றாவதை மாத வாடகைக்கு வேறொரு முடிதிருத்துநருக்கு விட்டிருக்கிறேன். அவருடைய கருவிகளும் வாடிக்கையாளர்களும் தனி. கடை தொடங்கிய நாளிலிருந்து தீ, திருட்டு ஆகியவற்றுக்கான பாலிசியை ஒரு முறைகூடத் தவறாமல் புதுப்பித்திருக்கிறேன்.

சென்ற மாதம், வழக்கமாக வரும் பெரியவர் ஒருவருக்கு நானே தலைக்குச் சாயம் பூசினேன். அன்று ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் மகன் வந்து கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்: நெற்றி வீங்கி, இமைகள் இரண்டும் திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு, காதோரத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. மருத்துவச் செலவைக் கேட்டார்கள், அது நியாயம்தான். பாலிசி கொடுத்த நிறுவனத்தை அணுகியபோது, இது கடையிலுள்ள பொருள்களுக்கான காப்பீடு, வாடிக்கையாளரின் உடலுக்கு நேர்ந்த தீங்கு இதில் அடங்காது என்று சொல்லிவிட்டார்கள். செலவு முழுவதையும் நானே கொடுத்தேன். பெரியவர் குணமடைந்துவிட்டார்.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஈரத் தரையில் வழுக்கி விழுவதும், கத்தி பட்டுக் காயமாவதும், சாயம் ஒத்துக்கொள்ளாமல் போவதும் ஒரே பாலிசிக்குள் வருமா? வாடகை நாற்காலிக்காரரின் கையால் தவறு நேர்ந்தால் அந்தப் பொறுப்பு என்மேல் விழுமா?

மறுமொழி: காப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்

வணக்கம் ஐயா. பெரியவர் நலமடைந்தது குறித்து மகிழ்ச்சி. நீங்கள் இழந்த தொகையைவிட எனக்குக் கவலை தருவது, பதினொரு ஆண்டுகளாக யாரும் உங்களிடம் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லவில்லை என்பதே.

நீங்கள் சொன்ன மூன்று நிகழ்வுகளும் கடைக்குள்ளேயே நடந்தாலும், காப்பீட்டின் பார்வையில் அவை இரண்டு இனம். வாடிக்கையாளர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால், அது இடத்தின் குறையால் வந்த தீங்கு. பொதுப் பொறுப்புக் காப்பீடு அதற்கானது. கத்தி பட்டுக் கிருதாவோரம் வெட்டுண்டாலும், சாயத்தால் முகம் வீங்கினாலும், அது உங்கள் கைவேலையால் வந்த தீங்கு. அதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். சில நிறுவனங்கள் இதைச் சிகிச்சைப் பொறுப்பு என்ற பெயரிலும் தருகின்றன. பல பொதுப் பொறுப்புப் பாலிசிகள், நீங்கள் அளிக்கும் சேவையால் நேரும் உடற்காயத்தை விலக்குப் பட்டியலில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கும். ஆகவே ‘பொறுப்புக் காப்பீடு இருக்கிறது’ என்று ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள்.

தொழில்முறைப் பாலிசி எடுத்தாலும், அதன் அட்டவணையில் எந்தெந்தச் சேவைகள் எழுதப்பட்டிருக்கின்றனவோ அவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும். முடிவெட்டுதல், சவரம், சாயம் என்று எழுதிவிட்டு, நடைமுறையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தால் அந்தச் சொடக்குக்குக் காப்பீடு இல்லை. இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். கழுத்தெலும்புகளின் வழியே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் திடீர்த் திருப்பலில் கிழியக்கூடும். அதனால் பக்கவாதமே வரலாம். தலை அலசும்போது கழுத்தைத் தொட்டியின் விளிம்பில் பின்னால் சாய்த்து வைத்ததையடுத்து மூளையின் ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி மைக்கேல் வைன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993-இலேயே மருத்துவ ஆய்விதழில் எழுதியிருக்கிறார். சொடக்கு எடுப்பதைக் கைவிட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சாயத்துக்கு வருகிறேன். கருமை தரும் பெரும்பாலான சாயங்களில் பாராஃபினிலீன்டையமின் என்ற பொருள் இருக்கிறது. அது உண்டாக்கும் ஒவ்வாமை உடனே தெரியாது. ஒரு நாளிலிருந்து மூன்று நாள் கழித்தே வெளிப்படும். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட ஒருவருக்குத் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. இதனால்தான் 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறத்திலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பல பாலிசிகளில் இந்தச் சோதனை ஒரு நிபந்தனையாகவே இருக்கும். சோதித்ததற்கு எழுத்துச் சான்று இல்லாவிட்டால், பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டியிருந்தும் கோரிக்கை மறுக்கப்படலாம்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தவுடன் ‘தவறு என்னுடையதுதான், முழுச் செலவையும் நான் தருகிறேன்’ என்று சொல்லத் தோன்றும். அது நல்ல மனத்தின் இயல்பு. ஆனால் ஏறத்தாழ எல்லாப் பொறுப்புப் பாலிசிகளிலும், நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ தொகை தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. காயத்துக்கு முதலுதவி செய்யுங்கள், மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள், நலம் விசாரியுங்கள்; இவற்றில் எதையும் பாலிசி தடுக்கவில்லை. அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, தொகையைப் பற்றிய பேச்சை மட்டும் அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மறுமொழி: நாற்காலிகளை வாடகைக்கு விடும் மற்றொரு கடைக்காரர்

அண்ணா, வாடகை நாற்காலியைப் பற்றி நான் சொல்கிறேன். இதில் எனக்குப் பட்டறிவு உண்டு. உங்கள் பாலிசி, நீங்களும் உங்கள் ஊழியரும் செய்யும் வேலையைக் காக்கும். வாடகைக்கு இருப்பவர் தனித் தொழில் செய்பவர் என்பதால், அவர் கைவேலைக்கு அவர் பெயரிலேயே பாலிசி வேண்டும். ஆனால் காயம்பட்ட வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் கண்ணில் படுவது வாசலில் இருக்கும் உங்கள் பெயர்ப்பலகை. ஆகவே வழக்கறிஞர் அனுப்பும் கடிதத்தில் இருவர் பெயரும் இருக்கும். நீங்களே அவருடைய நேரத்தை வகுத்து, விலையைத் தீர்மானித்து, பணத்தையும் உங்கள் கல்லாவில் வாங்கினால், தாளில் வாடகை என்று எழுதியிருந்தாலும் அவர் உங்கள் ஊழியரே என்று நீதிமன்றம் முடிவு செய்ய வாய்ப்பு அதிகம்.

என் கடையில் வாடகை நாற்காலிக்காரர் ஒருவர் பாலிசி இல்லாமலேயே எட்டு மாதம் வேலை செய்தார். நானும் கேட்காமல் விட்டேன். மாற்றாத பிளேடால் பிடரியில் மழித்ததில் ஒரு வாடிக்கையாளருக்குச் சீழ்க்கட்டி வந்தபோது, அந்த நாற்காலிக்காரர் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். கடிதம் எனக்கு வந்தது. இப்போது ஒப்பந்தம் எழுதும்போதே வாடகைக்கு வருபவரின் பாலிசி நகலையும் வாங்கி, அது காலாவதியாகும் தேதியைச் சுவர்நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைக்கிறேன். அவருடைய பாலிசியில் என் கடையையும் கூடுதல் காப்புறுதி பெறுபவராக, அதாவது அந்தப் பாலிசி என் கடையையும் காக்கும்படி, சேர்க்கச் சொல்கிறேன்.

பிளேடை ஒருவருக்கு ஒன்று என்று மாற்றுவதைப் பாலிசிக்காக மட்டும் செய்ய வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கும். அது தொற்றுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும்.

மறுமொழி: சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்

பொருள் காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதும் வழக்கம் சிறு கடைகளில் மிகுதி. சராசரி விதி என்ற ஒன்று பாலிசியில் இருந்தால், கடைப் பொருள்களின் உண்மை மதிப்பில் 60 சதவீதத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்தவருக்கு, ஒரே ஒரு நாற்காலி எரிந்தாலும் அதன் இழப்பில் 60 சதவீதம்தான் கிடைக்கும். வாடிக்கையாளர் கழற்றி வைக்கும் மூக்குக் கண்ணாடி, செவிப்பொறி போன்றவை உங்கள் பொறுப்பில் உள்ள பிறர் பொருள்கள் என்பதால், பெரும்பாலும் அவை தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். உங்கள் ஊழியருக்கு வேலையில் காயம் நேர்ந்தால் பொதுப் பொறுப்புப் பாலிசி உதவாது. அதற்கான ஊழியர் காப்பீடு பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம்.

கேட்டவர்

மிக்க நன்றி. தடவிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு குறிப்பேடு போட்டுவிட்டேன்: பெயர், தேதி, சாயத்தின் பெயர், தடவிய இடம், வாடிக்கையாளரின் கையெழுத்து. ஒன்று மட்டும் கேட்கிறேன். தொழில்முறைப் பாலிசி எடுத்தபின் நிறுவனத்தை மாற்றினால், பழைய நாளில் செய்த வேலைக்கு யார் பொறுப்பு?

மறுமொழி: காப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்

அது பாலிசியின் வகையைப் பொறுத்தது. சம்பவ அடிப்படையிலான பாலிசி என்றால், தீங்கு நேர்ந்த நாளில் நடப்பிலிருந்த பாலிசியே பொறுப்பேற்கும். கோரிக்கை அடிப்படையிலானது என்றால், வாடிக்கையாளர் இழப்பீடு கேட்கும் நாளில் நடப்பிலுள்ள பாலிசி பொறுப்பேற்கும். ஆனால் அதில் ஒரு பின்னோக்குத் தேதி இருக்கும், அதற்கு முன் செய்த வேலை சேராது. நிறுவனம் மாறும்போது அந்தத் தேதி உங்கள் முதல் பாலிசியின் தொடக்க நாளாகவே தொடர வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடையை மூடும் நாள் வந்தால், பின்னர் வரும் கோரிக்கைகளுக்கான நீட்டிப்புக் காலத்தையும் கேளுங்கள்.

புதிய பாலிசிக்கான முன்மொழிவுப் படிவத்தில், முன்பு நேர்ந்த சம்பவங்கள் உண்டா என்ற கேள்வி இருக்கும். பெரியவருக்கு நேர்ந்ததை அங்கே மறைக்காமல் எழுதுங்கள். அந்த ஒரு சம்பவத்தை விலக்கி வைப்பார்கள், பிரீமியமும் சற்றுக் கூடலாம். எழுதாமல் விட்டால், பின்னால் வேறொரு கோரிக்கை வரும்போது முழுப் பாலிசியையே செல்லாததாக்க அது போதும்.