ஏற்ற வளைவில் ஒரே வேகன் மட்டும் தடம் புரள்கிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். ஹெச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில், 8க்கு 4 அடி ப்ளைவுட் பலகை, 18 அங்குல ஆரமுள்ள வளைவு. ஒரு பாதை இன்னொன்றின் மேல் போக வேண்டும் என்பதால் வளைவிலேயே 4 சதவீத ஏற்றம் வைத்திருக்கிறேன். எஞ்சின் ஏறிவிடுகிறது. அதை அடுத்து வரும் காலி வேகன் மட்டும் பத்துக்கு எட்டு தடவை புரள்கிறது. வேகத்தைக் குறைத்தும் பலனில்லை. பையன் ஆசையாகக் காத்திருக்கிறான்.

பதில் 1:
வளைவுக்கு உள்பக்கம் சாய்கிறதா, வெளிப்பக்கமா?

கேட்டவர்:
உள்பக்கம்தான் சார். ஏற்றம் தொடங்கும் இடத்தில் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறுகிறது, அப்புறம் சாய்கிறது.

பதில் 1:
அப்படியென்றால் எடை போதவில்லை. முன்னால் எஞ்சின் இழுக்க, பின்னால் மொத்த ரயிலும் கனக்க, நடுவில் இருக்கும் லேசான வேகன் வில்லின் நாண் போல உள்பக்கம் இழுபடும். அமெரிக்காவின் மாடல் ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் கணக்கு: ஒரு அவுன்ஸ், கூடவே நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 6 அங்குல வேகனுக்கு 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். டயர் கடையில் சக்கரத்தில் ஒட்டும் எடைத் துண்டுகளே போதும். வேகனின் தரையோடு ஒட்டி, நடுவில் வையுங்கள். உயரத்தில் வைத்தால் இன்னும் எளிதாகச் சாயும். முடிந்தால் அந்த வேகனை ரயிலின் கடைசிக்கு மாற்றுங்கள்.

பதில் 2:
எடை சரி, ஆனால் ஒரே இடத்தில் ஏறுகிறது என்றால் பாதையையும் பாருங்கள் தம்பி. தண்டவாளத்தின் உள்விளிம்பில் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். இணைப்பில் நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். ஏற்றம் வளைவில் தொடங்குவதுதான் பெரிய தொல்லை. அங்கே பாதை முறுக்கிக்கொள்ளும், நாலு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். ஓர் அடி முன்னதாக, நேர்ப்பாதையிலேயே தொடங்கி 1, 2, 3 சதவீதம் என்று கூட்டிப் போங்கள். வேகனின் ஒரு போகி (அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) திருகை மட்டும் அரைச் சுற்று தளர்த்துங்கள், லேசாக ஆட வேண்டும்.

கேட்டவர்:
வேகன் 62 கிராம்தான் இருந்தது! நகமும் தட்டியது. ஒரு தண்டவாளம் இணைப்புத் தகட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதைச் சரிசெய்து எடையும் ஏற்றினேன். நேற்று மாலை இருபது சுற்று, ஒரு தடவைகூடப் புரளவில்லை. ஏற்றத்தின் தொடக்கத்தை ஞாயிற்றுக்கிழமை பிரித்து நேர்ப்பாதைக்குத் தள்ளப் போகிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.