சோடி டபுள் சொல்லி, என் கையில் ஒன்றுமே இல்லையென்றால்?

புதுக்கை (வெள்ளவத்தை):
முந்நூற்று நாலு சீட்டு விளையாடி வளர்ந்த ஆள் நான். பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு வந்து ஆறு மாதம்தான். சனிக்கிழமை பின்னேரங்களில் மாமா வீட்டு மாடியில் நாலு பேர் கூடுவோம், மாமாதான் என் சோடி. போன கிழமை இடப்பக்கத்து ஆள் ஒரு ஹார்ட் (ஹார்ட் துரும்பாக, பதின்மூன்று ட்ரிக்கில், அதாவது சுற்றில், ஏழு எடுப்போம்) என்று ஏலத்தைத் திறந்தார். மாமா டபுள். வலப்பக்கம் பாஸ். என் கை இது:

ஸ்பேட் 8 6 4 2
ஹார்ட் ஜாக் 9 5 3
டைமண்ட் 8 7 2
கிளப் 7 4

மொத்தமே ஒரு பாயின்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). இதோடு எங்கே வாய் திறப்பது என்று பாஸ் சொன்னேன். ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து இருந்ததால் கொஞ்சம் தைரியமும் வந்தது. அவர்கள் ஒன்பது ட்ரிக் எடுத்தார்கள். மாமா அவர்களுக்கு 360 என்று எழுதிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் பிளேன்டீ ஊற்றப் போனார். நான் செய்த பிழை என்ன?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, முந்நூற்று நாலில் ஜாக் 30, ஒன்பது 20. பிரிட்ஜில் அந்த ஜாக்குக்கு ஒரு பாயின்ட், ஒன்பதுக்கு அதுவும் இல்லை. ஏஸ், கிங், குயின் எல்லாம் திறந்தவரிடம், அவரோ உங்களுக்கு அடுத்து ஆடுகிற ஆள். நீங்கள் எதைப் போட்டாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

மாமாவின் டபுள், எதிராளி தோற்பார் என்று அடிக்கிற டபுள் இல்லை. "ஹார்ட் எனக்குக் குறைவு, மற்ற மூன்றும் இருக்கிறது, உன்னுடையது எது?" என்ற கேள்வி. நீங்கள் பதில் சொல்லாததால் அவர்கள் ஒரு ஹார்ட் டபுளிலேயே ஆடினார்கள். டபுள் இல்லாமல் அதே ஒன்பது ட்ரிக்குக்கு 140தான். கை எவ்வளவு வெறுமையோ அவ்வளவுக்குக் கட்டாயம் ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு ஸ்பேட் சொல்லியிருக்கலாம். அது பலம் காட்டுவதில்லை, பூச்சியமும் அதற்குள் அடக்கம்.

பாஸ் போட வேண்டுமென்றால் ஹார்ட்டில் குயின் ஜாக் 10 9 8 மாதிரி கெட்டியாக ஐந்து வேண்டும். அப்போது மாமா முதல் சீட்டே துரும்பாக இறக்குவார்.

புதுக்கை:
அப்போ பூச்சியத்துக்கும் ஒரு ஸ்பேட், எட்டுக்கும் ஒரு ஸ்பேட். மாமாவுக்கு எப்படி விளங்கும்?

தெஹிவளை அக்கா:
பலம் இருந்தால் ஒரு படி தாண்டுங்கள். ஒன்பதிலிருந்து பதினொரு பாயின்ட் வரை இரண்டு ஸ்பேட். பன்னிரண்டுக்கு மேல் நாலு ஸ்பேட் நேராகச் சொல்லலாம். எந்த சூட் என்று தெரியாவிட்டால் எதிராளியின் ஹார்ட்டையே இரண்டாகக் கேளுங்கள், "எனக்கும் நல்ல கை, நீயே மேலே சொல்" என்று அர்த்தம். ஸ்பேட் நாலு இல்லாமல், ஹார்ட்டைத் தடுக்கிற ஒரு சீட்டும் ஆறிலிருந்து பத்துப் பாயின்ட்டும் இருந்தால் ஒரு நோட்ரம்ப் (துரும்பே இல்லாத ஆட்டம்). உங்கள் மாதிரி வெறுங்கையில் அதைச் சொல்லாதீர்கள், மாமா அடுத்த பிளேன்டீக்கும் போய்விடுவார்.

கொட்டாஞ்சேனை அண்ணா:
அக்கா, எல்லா சூட்டும் ஏறக்குறைய சமமாக இருக்கிற தட்டையான ஒன்பது பாயின்ட்டுக்கு நான் தாண்டமாட்டேன். ஐந்து ஸ்பேட் இருந்தால் சரி.

தெஹிவளை அக்கா:
அது உங்கள் வீட்டு வழக்கம். தங்கச்சி, மாமாவைக் கேட்டு ஒன்றை முடிவு செய்யுங்கள்.

புதுக்கை:
இன்னொன்று. வலப்பக்கத்து ஆள் பாஸ் போடாமல் இரண்டு ஹார்ட் என்று ஏற்றினால்?

கொட்டாஞ்சேனை அண்ணா:
அப்போது உங்கள் தலையில் பாரம் இல்லை, மாமாவுக்கு இன்னொரு முறை வரும். அந்த ஒரு பாயின்ட் கைக்குத் தாராளமாகப் பாஸ். அங்கே வாய் திறந்தால்தான் பலம் இருக்கிறது என்று அர்த்தம்.

புதுக்கை:
இன்றைய கணக்கு: மறுபடி மாமா டபுள், எனக்கு நாலு பாயின்ட், ஒரு சூட்டில் நாலு சீட்டு, மற்ற மூன்றிலும் மும்மூன்று. அந்த நாலு சீட்டும் எதிராளியின் ஹார்ட்டிலேயே! மூன்றே ஸ்பேட்டை வைத்துக்கொண்டு ஒரு ஸ்பேட் என்றேன், குரல் நடுங்கியது. மாமாவிடம் ஸ்பேட் நாலு. ஒரு ட்ரிக்கில் தோற்றோம், 50 போனது. "இது பரவாயில்லை" என்றார். இந்த முறை பிளேன்டீ எனக்கும் சேர்த்து ஊற்றினார்.