புதுப்பிப்பு: மணிலா மெக்சிகன் கடைக்குப் போய்விட்டு வந்தேன்

போன வாரம், மணிலாவில் இருக்கப்போகும் நான்கு நாளில் ஒரு வேளையை அங்கே மக்காத்தி என்ற பகுதியில் எல்லாரும் சொல்லும் அந்த மெக்சிகன் கடைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன், பாதிப் பேர் அங்கே போய் எதற்கு மெக்சிகன் என்றீர்கள். நேற்று இரவு போனேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன், அதில் வருத்தமே இல்லை.

முதலில் அல் பஸ்தோர் டாக்கோ, அதாவது சின்ன ரொட்டியில் இறைச்சி வைத்து மடித்துச் சாப்பிடுவது. மிளகாய் மசாலாவில் ஊறிய பன்றி இறைச்சியைக் கம்பியில் அடுக்கிச் சுட்டு, மேலே அன்னாசித் துண்டு வைத்துத் தருகிறார்கள், பார்த்தால் ஷவர்மா மாதிரியே இருக்கும், காரணம் லெபனான் பக்கத்திலிருந்து மெக்சிகோவுக்குக் குடிபோனவர்கள் கொண்டுவந்த முறை அது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்துச் சுட்ட டோர்ட்டியாதான் அந்த ரொட்டி, அதன் வாசனையே தனி. குவாக்கமோலே என்ற அவகாடோ மசியல் சுமார்தான்.

சரி, 'மணிலாவில் எதற்கு' என்று கேட்டவர்களுக்கு: 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. இங்கே காலையில் சாப்பிடும் சம்பொராதோ என்ற சாக்லேட் கஞ்சியின் மூலமே மெக்சிகோதான், அங்கே சோளமாவு, இங்கே அரிசி.

அப்புறம் சல்சா மாச்சா, எண்ணெயில் வறுத்த மிளகாயும் வேர்க்கடலையும். அதைத் தொட்டுச் சாப்பிடும்போதுதான் உறைத்தது, எங்கள் விழுப்புரம் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர், அது மணிலாக்கொட்டை என்ற பெயர் மருவியது. நாளைக்கும் போகிறேன்.