வேர் முனை மூடாத பல்லில் திசு மீளாக்கம்: இரண்டாம் அமர்வில் ரத்தம் ஏறாவிட்டால்?

கேள்வி:
ஒன்பது வயதுக் குழந்தை. அடிபட்டுக் கூழ் (பல்லின் உள்ளே இருக்கும் உயிர்த்திசு) இறந்துபோன மேல் முன்பல், வேர் முனை திறந்தே இருக்கிறது. வேர்க் கால்வாயில் கிருமி ஒழிக்கும் மருந்தாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூன்று வாரம் ஆகிறது. வலி, வீக்கம், சீழ் எதுவும் இல்லை. அடுத்த அமர்வில், புதுத் திசு வளரத் தளமாகக் கால்வாய்க்குள் ரத்தக்கட்டி உருவாக்க வேண்டும். ஃபைல் (கால்வாய்க்குள் விடும் மெல்லிய கம்பிக் கருவி) விட்டும் ரத்தம் ஏறாமல் போவது எதனால்? அதன்மேல் மூடியாக வைக்கும் எம்டிஏ சிமென்ட் உள்ளே அமிழாமல் எப்படி வைப்பது?

பதில் 1:
பெரும்பாலும் காரணம் மரப்பு ஊசிதான், டாக்டர். அட்ரினலின் கலந்த மருந்து வேர் முனையில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அட்ரினலின் இல்லாத மரப்பு மருந்தான 3% மெபிவகெய்ன் போடுங்கள்.

அன்றைக்கு, கிருமி கொல்லும் கழுவு திரவமான ஹைபோகுளோரைட் வேண்டாம். பக்கத்துளை ஊசியால் 17% இடிடிஏ கழுவு கரைசல் 20 மில்லியை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். அது பழைய மருந்தை வெளியேற்றுவதோடு, டென்டினுக்குள் (பல்லின் உட்சுவர்) உறைந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் விடுவிக்கும். புதுத் திசுவாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் ஒட்டிக்கொள்ள அது தேவை. பேப்பர் பாயின்டால் (உறிஞ்சும் காகிதக் குச்சி) உலர்த்திவிட்டு, நுனியை லேசாக வளைத்த கே-ஃபைலை வேர் முனைக்கு 2 மி.மீ. அப்பால் செலுத்திச் சுழற்றுங்கள். பயந்து முனைக்குள்ளேயே நிறுத்தினால் ஈரம்தான் தெரியும், ரத்தம் ஏறாது.

பதில் 2:
அப்படியும் ஏறாவிட்டால் திரும்பத் திரும்பக் குத்தித் திசுவைச் சிதைக்க வேண்டாம். கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறைவுதடுப்பான் சேர்க்காமல் மையவிலக்கியில் சுழற்றி, அதில் கிடைக்கும் பிஆர்எஃப் (தட்டணுக்கள் நிறைந்த ஃபைப்ரின்) ஜெல்லைக் கால்வாய்க்குள் வைக்கலாம்.

எம்டிஏ அமிழ்வது அவசரத்தால். ரத்தம் ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும், மேலே 3 முதல் 4 மி.மீ. இடம் வேண்டும். சுமார் 15 நிமிடம் காத்திருங்கள். பளபளப்பான திரவம் மங்கி, தொட்டால் குழையும் ஜெல்போல ஆகும். அதன்மேல் கரையக்கூடிய கொலாஜன் துண்டை வைத்து, எம்டிஏவை அழுத்தாமல் படியவிடுங்கள். மேலே கிளாஸ் அயனோமர் சிமென்ட்.

முன்பல் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும்: பிஸ்மத் ஆக்சைடு கலந்த எம்டிஏ ரத்தத்தோடு சேர்ந்தால் பல் சாம்பல் நிறமாகும். எம்டிஏவுக்கு மாற்றான பயோடென்டின் சிமென்டில் பிஸ்மத் ஆக்சைடு இல்லை, இங்கே அதுவே மேல். மூன்று ஆன்டிபயாடிக் கலவையில் மினோசைக்ளின் இருந்தாலும் இதே நிறமாற்றம்தான். நீங்கள் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தது நல்லதாயிற்று.

பதில் 3:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ரத்தக்கட்டிக்கு அவசரப்படுமுன் கிருமி ஒழிந்ததா என்று பாருங்கள். தட்டினால் வலி, ஈறில் சீழ்ப்புழை, கால்வாயில் கசிவு, இதில் ஏதாவது மிச்சம் இருந்தால் மருந்தை மாற்றி வைத்துத் தள்ளிப்போடுவதே நல்லது. முதல் அமர்வுக் கழுவலில் ஹைபோகுளோரைட் 1.5 சதவீதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, செறிவு கூடினால் வேர் முனை ஸ்டெம் செல்கள் செத்துப்போகும்.

பெற்றோரிடம் 'கூழ் மறுபடி முளைக்கும்' என்று சொல்லிவிடாதீர்கள். திசு ஆய்வுகளில் கால்வாய்க்குள் அதிகம் காணப்படுவது சிமென்டம் போன்ற, எலும்பு போன்ற திசுக்கள். உண்மையான கூழ் அரிது. குளிர்ச் சோதனைக்குப் பல் பதில் தராவிட்டாலும் அது தோல்வி அல்ல. 6, 12, 24 மாதங்களில் எக்ஸ்ரே எடுங்கள். வேர் முனையைச் சுற்றி எக்ஸ்ரேயில் தெரியும் கருநிழல் முதலில் மறையும். வேர்ச் சுவர் தடிப்பது அதற்குப் பின்தான், சில பற்களில் தடிக்காமலே போகும். நிழல் பெரிதானாலோ சீழ் திரும்பினாலோ கால்வாயைத் திறந்து சுத்தம் செய்து, எம்டிஏவால் வேர் முனையை அடைக்கும் முறைக்கு மாறிவிடலாம்.